கவுன்சில் கூட்டத்தில் பொதுமக்கள் பேச முடியுமா? எங்கே பேசினால் பேச்சு ஏறும்?

மாநகராட்சி கூட்டம் என்றால் டி.வி.யில் நாம் பார்ப்பது என்ன? கவுன்சிலர்கள் காலி குடத்தோடு வருகிறார்கள். மைக் கேட்டு சத்தம் போடுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் வெளிநடப்பு. வாசலில் நின்று பேட்டி. முடிந்தது கதை.

ஆனால் நிஜமாகவே வீட்டில் குடம் காலியாக இருக்கிற அம்மா அந்த கூட்டத்தில் எழுந்து பேச முடியுமா? முடியாது. இதுதான் பலருக்கு தெரியாத விஷயம்.

நகராட்சி, மாநகராட்சி மன்ற கூட்டங்களை பொதுமக்கள் பார்க்கலாம். பார்வையாளர் மாடத்தில் இடம் இருந்தால் உட்காரலாம். அவ்வளவுதான். மன்றத்தில் பேசும் உரிமை கவுன்சிலர்களுக்குத்தான். "ஐயா, எங்க தெருவுல..." என்று மாடத்தில் இருந்து ஒரு குரல் வந்தால் மேயர் எச்சரிப்பார். மீண்டும் பேசினால் வெளியே அனுப்பி விடுவார்கள். கூட்டத்தை நடத்துபவருக்கு அந்த அதிகாரம் உண்டு. சென்னையில் ரிப்பன் மாளிகையாக இருந்தாலும் சரி, சின்ன நகராட்சியாக இருந்தாலும் சரி, நிலைமை ஒன்றுதான்.

அப்படியானால் நாம் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியதுதானா? இல்லை. கிராமத்தில் கிராம சபை. நகரத்தில் பகுதி சபை. இந்த இரண்டு இடத்திலும் ஓட்டு போடுகிற எவரும் எழுந்து பேசலாம். யாரிடமும் முன் அனுமதி வாங்க வேண்டாம்.

கிராமத்துக்காரருக்கு கூடுதல் பலம்

உத்திரமேரூர் கல்வெட்டு, குடவோலை முறை என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். ஆனால் நம்ம ஊரு கிராம சபை அடுத்து என்றைக்கு என்று கேட்டால் பத்து பேரில் எட்டு பேர் முழிப்பார்கள்.

நாட்டில் 1993-ல் இரண்டு அரசியல் சட்ட திருத்தங்கள் நடைமுறைக்கு வந்தன. 73-வது திருத்தம் கிராமங்களுக்கு. 74-வது திருத்தம் நகரங்களுக்கு. கிராமத்துக்கான திருத்தத்தில் கிராம சபை என்று ஒன்றை அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். நகரத்துக்கு அந்த மாதிரி சபை எதுவும் எழுதவில்லை. 3 லட்சம் பேருக்கு மேல் இருக்கும் ஊர்களில் வார்டு கமிட்டி வேண்டும் என்பதோடு நிறுத்தி விட்டார்கள். அதனால்தான் சின்ன ஊராட்சியில் இருக்கும் ஒரு விவசாய கூலிக்கு கிடைக்கிற உரிமை, கோடி ரூபாய் பிளாட்டில் இருப்பவருக்கு ரொம்ப நாளாக இல்லாமல் இருந்தது.

கிராம சபையில் யார் உறுப்பினர்? அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் எல்லாரும். தேர்தல் கிடையாது, நியமனம் கிடையாது, சந்தா கிடையாது. 18 வயது முடிந்து பட்டியலில் பெயர் ஏறியிருந்தால் நீங்களும் உறுப்பினர். சட்டப்படி பார்த்தால் ஊராட்சி தலைவருக்கும் நமக்கும் அங்கே ஒரே தகுதிதான். கூட்டத்துக்கு தலைமை தாங்குவது மட்டும் அவர் வேலை.

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய 4 நாட்களில் கிராம சபை நடப்பது வழக்கம். பின்னர் உலக தண்ணீர் தினமான மார்ச் 22, உள்ளாட்சிகள் தினமான நவம்பர் 1 ஆகிய 2 நாட்களும் சேர்க்கப்பட்டன. ஆக வருஷத்துக்கு 6 தடவை. பண்டிகை, தேர்தல் என்று வந்தால் தேதி தள்ளிப்போகும். 1994-ம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி வருஷத்துக்கு குறைந்தது 2 கூட்டமாவது நடக்க வேண்டும். 2 கூட்டங்களுக்கு நடுவே 6 மாதத்துக்கு மேல் இடைவெளி விடக்கூடாது.

ஊராட்சிக்கு தலைவர் இல்லை, அதனால் கூட்டமும் இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து, 2019 டிசம்பர் வரை ஊராட்சிகளுக்கு தேர்தலே நடக்கவில்லை. அந்த 3 வருஷமும் தனி அலுவலர்களை வைத்து கிராம சபை நடந்தது. 2025 ஜனவரியில் பல மாவட்டங்களில் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்தபோதும் தனி அலுவலர்கள்தான் பொறுப்புக்கு வந்தார்கள். கொரோனா காலத்தில் மட்டும் கூட்டம் நின்றது. 2020 அக்டோபர் 2-ந்தேதி நடக்க வேண்டிய கூட்டத்தை கடைசி நேரத்தில் ரத்து செய்தது பெரிய அரசியல் சண்டையாகவே ஆனது.

கையெழுத்து போட்டுவிட்டு போகாதீங்க

கூட்டத்துக்கு 7 நாள் முன்னதாகவே அறிவிப்பு கொடுக்க வேண்டும். முன்பெல்லாம் தண்டோரா போடுவார்கள். 2022 ஆகஸ்டில் தண்டோரா போடும் வழக்கத்துக்கு தமிழக அரசு தடை போட்டது. இப்போது ஒலிபெருக்கி, நோட்டீஸ், வாட்ஸ் அப் என்று போகிறது. அறிவிப்பு காதில் விழவில்லை என்றால் ஊராட்சி அலுவலகத்துக்கு போய் செயலரிடமே கேட்டு விடலாம். இடம், நேரம், கூட்டப்பொருள் மூன்றும் அங்கே ஒட்டியிருக்க வேண்டும்.

இடத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒரே ஊராட்சியில் நாலைந்து குக்கிராமம் இருக்கும். தலைவர் வீட்டு பக்கத்திலேயே எப்போதும் கூட்டம் போட்டால் மற்றவர்கள் வர மாட்டார்கள். அதனால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு குக்கிராமத்தில் சுழற்சி முறையில் நடத்தச் சொல்லி கலெக்டர்கள் அறிவிப்பு வெளியிடுகிறார்கள். மதம் சார்ந்த வளாகத்தில் நடத்தக்கூடாது என்றும் அதில் இருக்கும். கோவில் வாசலில் கூட்டம் போட்டால் எல்லாரும் வந்து உட்கார முடியாத ஊர்கள் இன்னும் இருக்கின்றன. அதற்காகத்தான் இந்த விதி.

அடுத்தது குறைவெண் வரம்பு. அதாவது கோரம். 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர் வர வேண்டும். 501 முதல் 3 ஆயிரம் வரை என்றால் 100 பேர். 3,001 முதல் 10 ஆயிரம் வரை 200 பேர். அதற்கு மேல் 300 பேர். இந்த எண்ணிக்கை சேராவிட்டால் கூட்டம் செல்லாது.

பிரச்சினை இங்கேதான் ஆரம்பிக்கிறது. எண்ணிக்கை காட்ட வேண்டும் என்பதற்காக கூட்டம் தொடங்கும் முன்பே நோட்டில் கையெழுத்து வாங்கி விடுகிறார்கள். நம்ம ஜனங்களும் கையெழுத்தை போட்டு, டீயை குடித்து, "வேலை கிடக்கு" என்று கிளம்பி விடுகிறார்கள். என்ன தீர்மானம் போட்டார்கள் என்பது போட்டவர்களுக்கு மட்டுமே தெரியும். அந்த தீர்மானத்துக்கு கீழே நம் கையெழுத்தும் இருக்கும்! வீட்டுக்கு வந்து நோட்டை நீட்டினால் தைரியமாக மறுத்து விடுங்கள். கூட்டத்தில் உட்கார்ந்தவர்தான் கையெழுத்து போட வேண்டும்.

மைக் கைக்கு வந்ததும்...

முதலில் ஊராட்சியின் வரவு, செலவு கணக்கை வாசிப்பார்கள். பல இடங்களில் பிளெக்ஸ் பேனராகவும் கட்டி வைத்திருப்பார்கள். எல்லாரும் அதன் முன்னால் நின்று செல்பி எடுப்பதோடு சரி. அதில் இருக்கும் எண்களை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தெருவிளக்குக்கு எவ்வளவு, மோட்டார் ரிப்பேருக்கு எவ்வளவு, பிளீச்சிங் பவுடருக்கு எவ்வளவு என்று இருக்கும். கூட்டத்துக்கு முதல் நாளே மத்திய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் உங்கள் ஊராட்சி பெயரை போட்டு செலவு விவரம் பார்த்துவிட்டு போனால் இன்னும் நல்லது. கணக்கை பார்த்துவிட்டு வந்தவர் கேட்கும் கேள்விக்கும், கோபத்தில் கேட்கும் கேள்விக்கும் கிடைக்கிற மரியாதையே வேறு.

உதாரணத்துக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். கடைக்கோடி தெருவில் 6 மாதமாக குழாயில் தண்ணீர் வரவில்லை. அந்த தெரு பெரியம்மா எழுந்து, "தலைவரே, எங்கள எவன் கேக்குறான், ஓட்டுக்கு மட்டும் வர்றீங்க" என்று ஆரம்பிக்கிறார். நியாயமான கோபம்தான். ஆனால் என்ன நடக்கும்? தலைவர் ஆட்கள் நாலு பேர் எழுந்திருப்பார்கள். பதிலுக்கு இந்த பக்கம் நாலு பேர். அரை மணி நேர சண்டை. கடைசியில் "பார்த்துக்கலாம் பெரியம்மா" என்று சொல்லி அடுத்த பொருளுக்கு போய் விடுவார்கள். நோட்டில் ஒரு வரி கூட ஏறாது.

அதையே இப்படி சொல்லிப் பாருங்கள். "தலைவரே, நான் வடக்கு தெரு. 32 வீடு இருக்கு. தண்ணி வந்து 6 மாசம் ஆச்சு. பைப் உடைஞ்ச இடம் வாட்டர் டேங்க் ஆபரேட்டருக்கு தெரியும். போன கூட்டத்து கணக்குல பைப்லைன் ரிப்பேருன்னு செலவு காட்டியிருக்கீங்க. அது எந்த தெருவுக்குன்னு சொல்லுங்க. எங்க தெரு பைப்பை சரி பண்ணணும்னு இப்பவே தீர்மானம் எழுதுங்க."

இரண்டு நிமிஷம் கூட ஆகாது. பெயர், தெரு, எத்தனை வீடு, எத்தனை நாள், என்ன வேண்டும். எல்லாம் வந்து விட்டது. முக்கியமாக கடைசி வரி. 'தீர்மானம் எழுதுங்க' என்று வாய் திறந்து கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அது வெறும் பேச்சு. அதிகாரிக்கு பேச்சு தேவையில்லை, பேப்பர்தான் தேவை.

கூச்சமாக இருந்தால், பேச்சு வராது என்று தோன்றினால், எழுதியே கொண்டு போகலாம். இரண்டு பிரதி எழுதுங்கள். ஒன்றை கொடுத்துவிட்டு இன்னொன்றில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். தனி ஆளாக எழுந்து நிற்பதை விட தெருவில் இருந்து பத்து பேராக போய் ஒருவர் பேசுவது மேல். பெண்கள் பேசினால் கூட்டம் காது கொடுக்கிறது என்பதை மகளிர் குழு உள்ள ஊர்களில் பார்க்கலாம்.

ஒவ்வொரு கிராம சபைக்கும் அரசு தரப்பில் பற்றாளர் என்று ஒரு அலுவலர் வருவார். ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். பலருக்கு அவர் யார் என்றே தெரியாது. கூட்டம் ஒழுங்காக நடந்ததா என்று அறிக்கை கொடுக்க வேண்டியவர் அவர்தான். தலைவர் தீர்மானம் எழுத மறுத்தால் சத்தத்தை தலைவரிடம் காட்டுவதை விட, நேராக பற்றாளரிடம் போய், "சார், நான் கேட்டதை எழுதலைன்னு நீங்க குறிச்சுக்கணும்" என்று சொல்லுங்கள். நிலைமை மாறும்.

கூட்டம் கலையும் முன் தீர்மானங்களை வாசிக்கச் சொல்லி கேளுங்கள். நாம் சொன்னது ஒன்று, எழுதியது ஒன்று என்று இருந்தால் அங்கேயே திருத்தலாம். தீர்மான நகல் கொடுக்க இழுத்தடித்தால் தகவல் அறியும் உரிமை சட்டம் இருக்கவே இருக்கிறது. 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். தீர்மான எண்ணும் தேதியும் கையில் இருந்தால் பி.டி.ஓ. அலுவலகத்திலும், திங்கட்கிழமை கலெக்டர் அலுவலக குறைதீர்க்கும் நாளிலும் உங்கள் மனு தனியாக தெரியும். மாவட்ட கலெக்டர்தான் ஊராட்சிகளின் ஆய்வாளர் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தீர்மானம் போட்டால் நடக்குமா?

எல்லாம் சரி, தீர்மானம் போட்டால் எல்லாம் நடந்து விடுமா என்று கேட்பீர்கள். நடக்காததும் உண்டு. டாஸ்மாக் கடையை மூடச் சொல்லி எத்தனையோ கிராம சபைகள் தீர்மானம் போட்டிருக்கின்றன. மறுநாளும் கடை திறந்தே இருந்ததை பார்த்திருக்கிறோம். ஊராட்சி நிதியில் ஊராட்சியே செய்யக்கூடிய வேலை என்றால் தீர்மானத்துக்கு நேரடி பலன் உண்டு. மற்ற துறைகள் சம்பந்தப்பட்டது என்றால் அது கோரிக்கையாகத்தான் மேலே போகும்.

ஆனாலும் மதுரை மாவட்டம் மேலூர் பக்கம் நடந்ததை மறந்து விட முடியாது. அரிட்டாபட்டி பகுதியில் டங்ஸ்டன் சுரங்கம் அமைக்கும் ஏலத்தில் 2024 நவம்பரில் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் தேர்வானது. அந்த மாதம் 23-ந்தேதி நடந்த கிராம சபைகளில் அந்த வட்டார ஊராட்சிகள் வரிசையாக எதிர்ப்பு தீர்மானம் போட்டன. டிசம்பர் 9-ந்தேதி சட்டசபையிலும் தீர்மானம் வந்தது. ஊர் ஊராக போராட்டம் நடந்தது. 2025 ஜனவரி 23-ந்தேதி மத்திய அரசு ஏலத்தையே ரத்து செய்தது. கிராம சபை தீர்மானம் மட்டுமே இதை சாதித்தது என்று சொன்னால் அது பொய். ஆனால் 'ஊர் மக்கள் ஒத்துக்கொள்ளவில்லை' என்பதற்கு கையெழுத்தோடு கூடிய முதல் ஆதாரம் அந்த தீர்மானங்கள்தான்.

ஒடிசாவில் நியம்கிரி மலை விவகாரம் இதை விட பெரிசு. பாக்சைட் சுரங்கம் வேண்டுமா, வேண்டாமா என்பதை கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்று 2013-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. அது வன உரிமை சட்டத்தின் கீழ் வந்த வழக்கு. கூட்டம் நடந்த 12 கிராமங்களும் ஒன்று விடாமல் வேண்டாம் என்று சொல்லின. சுரங்கம் வரவில்லை.

பேசவே விடாத ஊர்கள்

விதி என்ன சொல்கிறது என்பது ஒன்று. ஊரில் யார் எழுந்து நிற்க முடிகிறது என்பது வேறு.

மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டக்கச்சியேந்தல். இந்த 4 ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996-ல் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. பத்து வருஷம் அங்கே ஒழுங்காக தேர்தல் நடத்த முடியவில்லை. மனு தாக்கல் செய்ய ஆள் வராது. அப்படியே ஜெயித்தாலும் ராஜினாமா கடிதம் உடனே வந்துவிடும். 2006-ல்தான் தேர்தல் நடந்து தலைவர்கள் பொறுப்பேற்றார்கள். அதே பாப்பாபட்டியில் 2021 அக்டோபர் 2-ந்தேதி நடந்த கிராம சபையில் அப்போதைய முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் கலந்துகொண்டு மக்களோடு உட்கார்ந்தார்.

பழைய கதை என்று இதை தள்ளிவிட வேண்டாம். கடலூர் மாவட்டம் தெற்கு திட்டையில் பெண் ஊராட்சி தலைவரை தரையில் உட்கார வைத்து கூட்டம் நடத்திய படம் 2020-ல் வெளியாகி தமிழ்நாட்டையே உலுக்கியது. தலைவருக்கே நாற்காலி இல்லை என்றால், அந்த தெருவில் இருந்து வரும் சாதாரண ஆள் மைக் கேட்பாரா? இப்படி தடுக்கும் இடங்களில் கூட்டம் நடக்கும்போதே பற்றாளரிடம் சொல்வதும், கலெக்டருக்கு எழுத்தில் புகார் கொடுப்பதும்தான் வழி. தனியாக செய்யாதீர்கள், நாலு பேர் கையெழுத்தோடு செய்யுங்கள்.

நகரத்தில் என்ன வழி?

நகரவாசிகளுக்கு 2022-ல்தான் கதவு கொஞ்சம் திறந்தது. வார்டு கமிட்டி, பகுதி சபை அமைக்க அந்த ஆண்டு விதிகள் வந்தன. வார்டை சின்ன சின்ன பகுதிகளாக பிரித்து, அந்த பகுதியின் வாக்காளர்கள் எல்லாரையும் உறுப்பினர்களாக வைத்து நடத்துவது பகுதி சபை. கிராம சபைக்கு நகரத்து தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். 2022 நவம்பர் 1-ந்தேதி உள்ளாட்சிகள் தினத்தன்று மாநிலம் முழுவதும் நடந்தது. தாம்பரம் மாநகராட்சி பம்மலில் நடந்த கூட்டத்துக்கு முதல்-அமைச்சரே வந்தார்.

ஆனால் அண்ணன் அளவுக்கு தம்பிக்கு இன்னும் பலம் வரவில்லை என்பதே நம் கருத்து. கிராமத்தில் தேதி ஊருக்கே தெரியும். நகரத்தில் பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியாமல் கூட்டம் முடிந்து போகிறது. கவுன்சிலரின் கட்சிக்காரர்கள் இருபது பேர், துப்புரவு மேற்பார்வையாளர் ஒருவர், என்ஜினீயர் ஒருவர், குரூப் போட்டோ. அதனால் நகரத்தில் இருப்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது, உங்கள் வார்டு எண் என்ன, பகுதி சபை எங்கே, அடுத்த கூட்டம் எப்போது என்று வார்டு அலுவலகத்தில் கேட்பதுதான். குடியிருப்போர் நல சங்கம் இருந்தால் சங்க லெட்டர்பேடில் கேட்டு வாங்குங்கள். கூட்டத்தில் பேசும் முறை கிராம சபைக்கு சொன்னதேதான். பெயர், தெரு, பிரச்சினை, தீர்மானம்.

மன்ற கூட்டத்தில் நம் பிரச்சினை வர வேண்டும் என்றால் கவுன்சிலர் வாய் வழியாகத்தான் வர முடியும். மன்ற கூட்டத்துக்கு முன்னாடியே அவர் கையில் ஒரு பக்க மனுவும், இரண்டு போட்டோவும் கொடுத்து விடுங்கள். கூட்டத்தன்று காலையில் கொடுத்தால் பாக்கெட்டிலேயே இருந்துவிடும். உங்கள் கவுன்சிலர் கண்டுகொள்ளவில்லையா? எதிர்க்கட்சி கவுன்சிலர் யாராவது பேசத் தயாராக இருப்பார். பார்வையாளர் மாடத்தில் உங்கள் தெருக்காரர்கள் பத்து பேர் உட்கார்ந்திருந்தால், மறந்து போன கவுன்சிலருக்கும் ஞாபகம் வந்துவிடும்.

பெரிய ஊரை ஒட்டியுள்ள ஊராட்சிகளில் இருப்பவர்களுக்கு ஒரு தகவல். உங்கள் ஊரை மாநகராட்சியோடு இணைக்கப் போவதாக பேச்சு வந்தால், வீட்டு வரி ஏறுமா என்று மட்டும் பார்க்காதீர்கள். இணைந்த அன்றோடு உங்கள் கிராம சபையும் போய்விடும். அதைப் பற்றி பேச வேண்டிய இடமும் அதே கிராம சபைதான், அது இருக்கிற வரைக்கும்.